இடம் மாறிய வசனம்

ஃபிரிட்ஜ் கதவில் மூன்று அட்டைகள்.
டிசம்பர் முப்பத்தொன்று நள்ளிரவு ஆராதனையில்
தட்டைச் சுற்றிவிட்டார்கள்.
காணிக்கைத் தட்டேதான்,
அன்றைக்கு மட்டும் நாம் எடுக்கலாம்.
உறை பிரிக்காமல் மகளின் பையில் போட்டோம்.
டாக்சியில் அவர் தூங்கிவிட்டார்,
விடிந்தால் முதல் ஷிஃப்ட்.

காலையில் எழுந்து பார்த்தால்
அனிஷ்மா ஒட்டிமுடித்திருந்தாள்,
கீழே பென்சிலில் பெயரெழுதி.
அவளுக்குத் திராட்சைக் குலை,
அப்பாவுக்கு ஆடுகள்,
எனக்கு ஒரு படகு.
படகுக்குக் கீழே இரண்டு வரி வாக்குத்தத்தம்.
அதைச் சொல்லமாட்டேன்.
சொன்னால் பொதுவாகிவிடும்,
இந்த ஒரு வருடத்துக்கு அது எனக்கு.

ஜெலுத்தோங், பதினேழாவது மாடி.
சமையலறை ஜன்னலில் விரலகலம் கடல்.
அந்த விரலைக் கடந்து
பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி போகும் நேரம்
குக்கரில் மூன்றாவது விசில்.
நான் ஏற்பாடு செய்ததல்ல.

மார்ச்சில் பாயான் லெப்பாஸ் ஆலையில்
ஆட்களைக் குறைத்தார்கள்.
அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்,
சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்,
அதனால் தெரிந்துகொண்டேன்.
வேலை அனுமதி ஆகஸ்டில் முடிகிறது.
மார்த்தாண்டத்தில் பாதி கட்டிய வீடு
ஜன்னல் கம்பி கேட்கிறது.
பாத்திரம் துலக்கிக்கொண்டே
படகுக்குக் கீழே இருப்பதை வாசித்தேன்.
அன்றும், மறுநாளும்.
இரண்டாம் வரிமேல் எண்ணெய் தெறித்த பிறகு
மனப்பாடமாய்.

ஏழரைக்குக் குடும்ப ஜெபம்.
அதே நேரம் பள்ளிவாசலில் பாங்கு.
முடியும்வரை காத்திருந்து தொடங்குவோம்.
யாரும் கேட்டுக்கொண்டதில்லை,
இரண்டு பேர் ஒரே சமயம் பேசினால்
கேட்கிறவருக்குத்தானே கஷ்டம்.
முழங்காலில் அனிஷ்மா:
‘இயேசப்பா, தெரிமா காசி.
நாளைக்கு மேத்ஸ் டீச்சர் வரவேண்டாம்.’
அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்.
நான் மூடியிருப்பேன்,
மூடியதுபோல.

பரதேசி என்பது
அம்மா என்னைத் திட்ட வைத்திருந்த சொல்.
இங்கே போதகர் அதையே
பிரசங்கத்தில் மெதுவாகச் சொல்கிறார்,
பூமியில் நாமெல்லோரும் அதுதானாம்.
மூன்று தலைமுறையாய் இந்தத் தீவிலேயே பிறந்த
மனுவேல் அங்கிள் உரக்க ‘ஆமென்’ என்றார்.
நான் கைப்பையைத் தொட்டுப்பார்த்தேன்,
பாஸ்போர்ட் இருக்கிறதா என்று.

ஆகஸ்ட் வந்தது. பசித்த ஆவிகளின் மாதம்.
கீழே கூ ஆண்டி தாள்பணம் எரிக்கிறார்.
சாம்பல் பதினேழு மாடி ஏறி வந்து
அவருடைய வெள்ளைச் சட்டையில் உட்காருகிறது.
செத்தவர்களுக்குப் போட்ட மணியார்டர்
விலாசம் தப்பி எங்கள் கொடியில்.

அந்தச் சட்டையை உதறும்போதுதான்
அனிஷ்மா சொன்னாள், போகிறபோக்கில்:
‘அம்மா, அந்த போட் கார்டு அப்பாவோடது.
உன் கவர்ல ஆடுதான் இருந்துச்சு.
நீ டெய்லி ஃபெர்ரி பாப்பேல்ல,
அதான் மாத்தி ஒட்டிட்டேன்.’

எட்டு மாதம்.
வேறொருவர் பெயருக்கு வந்ததைப் பிரித்து
உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.
பசியும் ஆறியிருக்கிறது.
அதுதான் உறுத்தியது.

ராத்திரி அவரிடம் சொன்னேன்.
மத்தியின் முள்ளை எடுத்துக்கொண்டே,
‘தண்ணி குடிக்க எந்திரிக்கும்போதெல்லாம்
அந்த ரெண்டையும் வாசிப்பேன்’ என்றார்.
‘யாரு பேருன்னு பாக்கல.’
எத்தனை ராத்திரி எழுந்தார் என்று
நான் கேட்கவில்லை.

அட்டைகளை மாற்றி ஒட்டப் போனேன்.
டேப்பை இழுத்தால்
எழுத்தும் கூட வரும்போலிருந்தது.
விட்டுவிட்டேன்.

அனுமதி இன்னும் வரவில்லை.
நாளைக்கு ஒன்பது மணிக்கு
அவரை அலுவலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.
சட்டையைத் திரும்ப நனைக்கவேண்டும்,
காலருக்குக் கொஞ்சம் நீலம் போட்டு.